பட்டாளத்துக்குக் கொடுத்த முதுகு

அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 540 கிலோமீட்டர் கடல் கடந்தால் காம்பெல் பே. கிரேட் நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில் உள்ள சின்னத் துறைமுகம் அது. 1969-ஆம் ஆண்டு அந்தக் கரையில் மூட்டை முடிச்சுகளோடு கப்பலை விட்டு இறங்கியவர்கள் சாதாரணக் குடியேறிகள் அல்லர். பட்டாளத்தில் பணி முடித்து வந்த சிப்பாய்களும் ஹவில்தார்களும் அவர்கள் குடும்பத்தினரும்தான். நாட்டின் தென்கோடித் தீவில் துப்பாக்கி பிடித்துப் பழகிய கைகளே ஏரும் பிடிக்கட்டும் என்று அரசாங்கம் எண்ணியது. 1980 வரை தொகுதி தொகுதியாகச் சுமார் 330 குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. பஞ்சாபியர், மராட்டியர், மலையாளிகள், ஆந்திரர்கள் ஆகியோருடன் நம் தமிழர்களும் அவர்களில் இருந்தார்கள்.

காந்தி நகர், சாஸ்திரி நகர், கோவிந்த நகர், விஜய நகர் என்று இன்று பெயர்ப்பலகை நிற்கும் இடங்கள் அன்று அடர்ந்த காடு. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் பூமி. மரத்தை வெட்டி, வேரைப் பிடுங்கி, தென்னையும் நெல்லும் போட்டார்கள்.

காலம் போயிற்று. அவர்களில் உயிரோடிருப்பவர்கள் இன்று முதியவர்கள். காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் இடுப்பு நிமிர மறுக்கிறது. பிட்டத்தில் பிடிக்கும் வலி தொடையின் பின்பக்கமாக இறங்கிக் கெண்டைக்காலில் மின்சாரம் போலப் பாய்கிறது. பாதம் மரத்துப் போகிறது. இத்தகைய ஒருவர் அரசாங்கத்திடம் ஊன ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்டால் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்த முதுகை ஒடித்தது எந்தச் சுமை? பட்டாளத்தில் தூக்கிய சுமையா, காட்டில் தூக்கிய சுமையா, அல்லது வயதின் சுமையா?

இந்தக் கேள்வி காம்பெல் பேயோடு நிற்பதில்லை. 2001-ல் முப்படைகளுக்கும் பொதுவான முதல் கூட்டுத் தலைமையகம் அந்தமானில் ஏற்பட்டது. தீவுகளில் பணிபுரிந்து ஓய்வு பெற்றுத் தீவிலேயே வீடு கட்டிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களில் முதுகு வலிக்காரர்களுக்கும் இதே கேள்விதான். இதற்கான விடை மருத்துவரின் கையில் பாதியும் சட்டத்தின் கையில் பாதியும் இருக்கிறது.

ஜவ்வு விலகினால்

மனிதனின் முதுகெலும்பு ஒரே தண்டு அல்ல. சிறு சிறு எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கோபுரம் அது. இரண்டு எலும்புகளுக்கிடையே மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது. டாக்டர்கள் அதை டிஸ்க் என்பார்கள். நம் மக்கள் ஜவ்வு என்பார்கள். பாரம் தூக்கும்போதும் குதிக்கும்போதும் அதிர்ச்சியைத் தாங்குவது இந்த ஜவ்வுதான். அளவுக்கு மீறிய பாரத்தாலோ நாள்பட்ட தேய்மானத்தாலோ அதன் உறை விரிசல் கண்டால் உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி வந்து பக்கத்தில் செல்லும் நரம்பின் வேரை அழுத்துகிறது. இடுப்பின் கீழ்க்கோடியில் உள்ள கடைசி இரண்டு ஜவ்வுகளே பெரும்பாலும் இப்படிப் பிதுங்குகின்றன. அங்கிருந்து காலுக்கு இறங்குவது உடலிலேயே மிகப் பெரிய நரம்பு. அது வழியே ஓடும் வலிக்குச் சயாட்டிகா என்று பெயர்.

இந்த நோயில் உள்ள சங்கடம் என்னவென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. கையை இழந்தவனைப் பார்த்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். முதுகு வலிக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் "இவனுக்கு என்ன?" என்று தோன்றும். சாதாரண எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். ஜவ்வையும் நரம்பையும் காட்டாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஜவ்வைக் காட்டும். ஆனால் படத்தில் தெரியும் பிதுக்கமும் நோயாளி படும் வேதனையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆகவே மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்த்து, எந்தக் கோணத்தில் வலி பாய்கிறது, எந்த விரலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, குதிகாலால் நடக்க முடிகிறதா என்றெல்லாம் சோதித்து டாக்டர் எழுதி வைக்கும் குறிப்பே முக்கியமான சாட்சியாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். முதுகு வலியோடு சிறுநீர் கட்டுக்கடங்காமல் போவது அல்லது அடைத்துக்கொள்வது, தொடையிடுக்கு மரத்துப் போவது ஆகியவை தோன்றினால் அது அவசரம். கப்பல் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனையை அணுக வேண்டும்.

இரண்டு கேள்விகள்

பட்டாளத்தை விட்டு வெளியேறும்போது மருத்துவ வகை குறைக்கப்பட்டிருப்பவர்களை மெடிக்கல் போர்டு பரிசோதிக்கிறது. உடல்நலக் குறைவால் இடையிலேயே அனுப்பப்படுவோருக்கும் அப்படியே. போர்டு இரண்டு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். ஊனம் எத்தனை சதவீதம் என்பது முதலாவது. அந்த ஊனம் ராணுவப் பணியால் வந்ததா, அல்லது பணியால் அதிகமாயிற்றா என்பது இரண்டாவது. ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாம் கேள்விக்கும் ஆம் என்று விடை வந்தால்தான் ஊன பென்ஷன் கிடைக்கும்.

முதுகு வலிக்காரர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இரண்டாம் கேள்வியில்தான். பணியால் வந்ததும் அல்ல, பணியால் அதிகமானதும் அல்ல என்று போர்டின் படிவத்தில் ஒரே வரி எழுதப்பட்டால் போதும். பதினைந்து இருபது ஆண்டு உழைப்பு அந்த வரியோடு மூடப்பட்டுவிடும். பென்ஷன் மறுக்கப்பட்டதாக ரெக்கார்டு ஆபீசிலிருந்து கடிதம் வரும். "சர்க்கார் எழுதிவிட்டது, இனி என்ன செய்வது?" என்று அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறவர்கள் உண்டு. சட்டம் அப்படிப் பூட்டச் சொல்லவில்லை.

தரம்வீர் சிங் வழக்கு

தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கை ஊன பென்ஷன் கேட்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் 1985 ஜூன் மாதம் ராணுவத்தின் சிக்னல் படையில் சேர்ந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1994 ஏப்ரலில், வலிப்பு நோய் என்று கூறி 20 சதவீத ஊனத்துடன் அனுப்பப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்று பென்ஷன் மறுக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது. இறுதியில் 2013 ஜூலை 2-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அவருக்குப் பென்ஷன் கொடுக்கச் சொல்லிற்று.

நோய் வேறு, ஆனால் அந்தத் தீர்ப்பில் கூறப்பட்டவை முதுகு வலிக்காரர்களுக்கும் பொருந்தும். 1982-ஆம் ஆண்டின் உரிமை விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு நீதிபதிகள் விளக்கியதன் சாரம் இது: பட்டாளத்தில் சேரும்போது உடலைச் சோதித்துத்தான் எடுக்கிறார்கள். அன்று எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால் அவன் நல்ல உடலோடு வந்தான் என்றே கொள்ள வேண்டும். பிறகு உடல் கெட்டால் அது பணியால் கெட்டதென்று அனுமானிக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயின் தலையில் இல்லை. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவனுக்கே சேரும். சேரும்போது சோதித்தும் கண்டுபிடிக்க முடியாத நோய் என்று போர்டு கருதினால் அதற்குக் காரணத்தை எழுத வேண்டும்.

இதே விதிகளில், போர்முனையிலும் கடலில் கப்பலிலும் பணியாற்றியவர்களுக்குச் சந்தேகத்தின் பலனை இன்னும் தாராளமாகக் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. கப்பலின் செங்குத்து இரும்பு ஏணியில் சுமையோடு ஏறி இறங்கிய கடற்படைக்காரர்களுக்கு இது உதவும்.

2015 பிப்ரவரியில் ராஜ்பீர் சிங் வழக்கிலும் உச்சநீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கிலும் காரணம் காட்டாத மெடிக்கல் போர்டு அறிக்கையை வைத்துப் பென்ஷனை மறுக்கக்கூடாது என்று கூறியது. ஆகவே அந்த ஒரு வரியைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. அந்த வரிக்குக் கீழே காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

மறுபக்கம்

அரசாங்கத் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. முதுகெலும்புத் தேய்வு வயதானால் எவருக்கும் வரும். நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கும் வருகிறது. மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும் வருகிறது. பணியில் இருந்தபோது வெளிப்பட்டது என்பதனாலேயே ஒரு நோயைப் பணியின் கணக்கில் எழுதிவிட முடியுமா என்று மருத்துவ அதிகாரிகள் கேட்கிறார்கள். 2008-ஆம் ஆண்டின் விதிகள் இந்த நோக்கிலேயே கடுமையாக்கப்பட்டன. நோய்க்கும் பணிச் சூழ்நிலைக்கும் தொடர்பு காட்டப்பட வேண்டும் என்பதற்கு அவற்றில் அழுத்தம் அதிகம். 2023 செப்டம்பர் 21 முதல் மற்றொரு புதிய விதித் தொகுப்பும் வந்திருக்கிறது. எனவே ஒருவர் எந்த ஆண்டு வெளியேறினார், அவருக்கு எந்த விதி பொருந்தும் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சதவீதத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. முழுப் பணிக்காலமும் முடித்து ஓய்வு பெற்றவருக்கு ஊனம் 20 சதவீதத்துக்குக் குறைவாக மதிப்பிடப்பட்டால் ஊன பென்ஷன் இல்லை என்று 2019 டிசம்பரில் விங் கமாண்டர் ரத்தோர் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் ஊனத்தைக் காரணம் காட்டிப் பணியிலிருந்தே அனுப்பப்பட்டவரின் நிலை வேறு. வேலைக்கே லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டு ஊனம் 20-க்குக் கீழே என்று சொல்வது பொருந்தாது என்பது 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில் கூறப்பட்ட நிலை. முதுகு வலியில் 15-க்கும் 20-க்கும் இடையே உள்ள தூரம் ஒரு பேனாக் கோடுதான். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் வருமானம் அடங்கியிருக்கிறது.

எவ்வளவு பணம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2006-க்குப் பிந்திய முறைப்படி நூறு சதவீத ஊனத்துக்கு, கணக்கில் கொள்ளப்படும் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் ஊனப் பகுதியாகக் கிடைக்கும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நூறு சதவீத ஊனத்துக்கு 12,000 ரூபாய். 20 சதவீத ஊனம் என்றால் 2,400 ரூபாய். ஆனால் 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சக ஆணைப்படி 50 சதவீதத்துக்குக் குறைந்த ஊனம் 50-ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளது 75-ஆகவும், அதற்கு மேற்பட்டது 100-ஆகவும் உயர்த்திக் கணக்கிடப்படுகிறது. அப்போது அதே 20 சதவீதத்துக்கு மாதம் 6,000 ரூபாய். அகவிலை நிவாரணம் தனி.

இந்தச் சலுகை முதலில் பணியிலிருந்து மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே தரப்பட்டது. பணி முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10-ஆம் தேதி ராம் அவதார் வழக்கில் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஊன பென்ஷன் வாங்கிக்கொண்டே இந்த உயர்வு கிடைக்காமல் இருப்பவர்கள் தங்கள் பென்ஷன் உத்தரவை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

கடல் கடந்து வழக்கு

முறையீட்டுக்குப் படிகள் இருக்கின்றன. மறுப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல். அதுவும் நிராகரிக்கப்பட்டால் மேலும் ஆறு மாதத்துக்குள் இரண்டாம் அப்பீல். இவ்விரண்டும் கடிதத்திலேயே நடப்பவை. அதற்கும் மேலே ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்பட்டு 2009 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது இது.

தீவுவாசிகளுக்குச் சிரமம் இங்கேதான் ஆரம்பமாகிறது. அந்தமானுக்கு உரிய தீர்ப்பாய அமர்வு கல்கத்தாவில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து 1,255 கிலோமீட்டர். முதுகு வலிக்காரனைக் கப்பலில் மூன்று நாள் படுக்கவைத்து, முதுகு வலிக்கிறது என்று நிரூபிக்க அழைத்துப் போவது போன்ற கொடுமை இது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது, தூரம் மாறவில்லை.

ஆயினும் வழியில்லாமல் இல்லை. ஓய்வு பெற்றவர் தாம் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்துக்குரிய அமர்விலேயே மனுச் செய்யலாம். தீவை விட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி மகனோடோ மகளோடோ நிலையாகத் தங்கிவிட்டவருக்குச் சென்னை அமர்வு இருக்கிறது. வக்கீல் மூலம் நடத்தும் வழக்கில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மனுதாரர் போக வேண்டியதில்லை. மேலும், தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர்நீதிமன்றத்துக்குப் போகும் கதவு 2015-ல் ஏறக்குறைய மூடப்பட்டிருந்தது. அதை 2023 மார்ச் 21-ஆம் தேதி உச்சநீதிமன்றம் மீண்டும் திறந்துவிட்டது. கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் சுற்று அமர்வு போர்ட் பிளேரிலேயே கூடுவதால் தீவு மக்களுக்கு இது சிறிய ஆறுதல் அல்ல. கடலோரக் காவல் படையினர் தீர்ப்பாயத்தின் வரம்பிலேயே வரமாட்டார்கள். அவர்கள் வழக்குக்கு உயர்நீதிமன்றமே இடம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்குபவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். 2025 ஜூலை 26 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணையம், படை வீரர் குடும்பங்களுக்கென்றே தனிச் சட்ட உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் கிடைக்கும்.

காலம் கடந்துவிட்டதா?

"வெளியே வந்து இத்தனை வருஷம் ஆயிற்று, இனி கேட்பார்களா?" என்ற கேள்வி எல்லோருக்கும் உண்டு. தர்சேம் சிங் என்ற வீரர் 1983 நவம்பரில் மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டவர். அவர் நீதிமன்றம் போனது 1999-ல். 2008-ல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு இரண்டு பக்கமும் கூர்மையானது. மாதாமாதம் தரவேண்டிய பென்ஷனைத் தராமலிருப்பது மாதாமாதம் தொடரும் தவறு. ஆகவே தாமதத்தைக் காட்டி உரிமையை மறுக்க முடியாது. ஆனால் பழைய பாக்கி, வழக்குப் போட்ட நாளுக்கு முந்திய மூன்று ஆண்டு அளவுக்குத்தான் கிடைக்கும். அதாவது உரிமை சாகாது. தூங்கிய ஆண்டுகளின் பணம் திரும்பாது.

தாமதத்தில் இன்னொரு ஆபத்து காகிதத்துக்கு. பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் பணி ஆவணங்களை ரெக்கார்டு ஆபீசில் 25 ஆண்டுகள்தான் வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு அழித்துவிடலாம். தீவுகளில் காகிதத்துக்குக் கடலும் பகை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கிரேட் நிக்கோபாரில் முன்னாள் ராணுவத்தினர் வாழ்ந்த கரையோரக் கிராமங்களைத் துடைத்துச் சென்றது. தென்கோடியில் உள்ள இந்திரா முனை நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகத்தைக் கடல் சூழ்ந்துகொண்டது. அப்படிப்பட்ட இடத்தில் தகரப் பெட்டிக்குள் இருந்த டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கு என்ன காவல்?

ஆகையால் கையில் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதும் இல்லாததைக் கேட்டு வாங்குவதுமே முதல் வேலை. டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு அறிக்கையின் நகல், பணியில் இருந்தபோது மருத்துவமனையில் படுத்ததற்கான சீட்டுகள், மருத்துவ வகை குறைக்கப்பட்ட உத்தரவு, விழுந்து அடிபட்டிருந்தால் அதன் விசாரணை அறிக்கை, பென்ஷன் மறுப்புக் கடிதம் ஆகிய அனைத்தும் வேண்டும். இல்லாதவற்றைத் தாம் இருந்த படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூர். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

வழக்கு நடக்கும்போது கணவர் காலமாகிவிட்டால் மனைவி வாரிசாகச் சேர்ந்து தொடரலாம். கணவர் உயிரோடிருந்த காலத்துக்குத் தீர்ப்பாகும் பாக்கி குடும்பத்துக்கு உரியது. அவர் போனதோடு எல்லாம் போயிற்று என்று அந்த அம்மாள் பெட்டியை மூடிவிடக்கூடாது.

எந்தச் சுமை?

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். காம்பெல் பேயில் காடு வெட்டிய முன்னாள் சிப்பாயின் முதுகை ஒடித்தது எந்தச் சுமை என்று இன்றைய ஸ்கேன் படத்தைப் பார்த்து எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பட்டாளத்து மூட்டையும் காட்டு மரமும் அந்த எலும்பில் தனித்தனிக் கையெழுத்துப் போட்டு வைப்பதில்லை. விடை இருப்பது இரண்டு காகிதங்களில்தான். ஒன்று, பட்டாளத்தில் சேர்ந்த அன்று அவர் உடலைப் பற்றி எழுதியது. மற்றொன்று, வெளியேறிய அன்று எழுதியது. முதல் காகிதத்தில் நோய் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது என்றால், இடையிலுள்ள ஆண்டுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம். அதற்குப் பிறகு அவர் மண்வெட்டி பிடித்தது அந்தக் காகிதத்தை மாற்றாது. பணியில் இருந்தபோது ஒரு குறிப்பும் இல்லாமல் ஊருக்கு வந்து பல்லாண்டு கழித்து வலி கண்டவருக்கோ வழக்கு கடினம். அவரிடம் வீண் நம்பிக்கை ஊட்டிப் பணம் பறிக்கும் இடைத்தரகர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பென்ஷன் என்பது அரசாங்கம் பார்த்துப் போடும் பிச்சை அல்ல, உழைத்தவனின் உரிமை என்று 1971-லும் 1982-லும் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால், இன்று பணியில் இருக்கும் தமிழ் இளைஞன் செய்ய வேண்டியதும் தெளிவு. வலித்தால் "பரவாயில்லை சார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் யூனிட் டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னது எழுத்தில் ஏற வேண்டும். வலியை மறைப்பது வீரம் என்று நினைத்த அப்பன்மார்கள் பலர், பிற்காலத்தில் அந்த வலியை நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் தவித்திருக்கிறார்கள்.